செயலிக்கு ஜாதகம் பார்த்த கதை

செவந்திபுரத்தில் யாரைக் கேட்டாலும் ஏகாம்பரம் கெட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் விட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக்கடை மாடியில் அவர் திருமணத் தகவல் நிலையம் நடத்திவந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பார்த்து முடித்த கல்யாணம்தான். அவருக்கு மட்டும் ஆகவில்லை. வயது நாற்பத்து மூன்று. வரன் தேடி வருகிறவர்கள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும் கொண்டுவந்த ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஏகாம்பரத்துக்கு மனசு நோகும். ஆனால் அவர்கள்மேல் கோபம் வராது. தனக்கே ஒன்றும் அமையாதவன் அடுத்தவனுக்கு என்ன பார்த்துவிடுவான் என்கிற சந்தேகம் அவருக்கும் இருந்தது.

அவருக்கு ஏன் அமையவில்லை என்பதற்குக் காரணம் சுவரிலேயே தொங்கியது. 'இங்கு வேலை பார்ப்பவர்களின் ஜாதகம் ஏற்கப்பட மாட்டாது' என்று ஒரு போர்டு. நாணயமான இடம் என்று பெயர் வாங்குவதற்காக அவரே எழுதி மாட்டியது. மாட்டிய அன்றைக்கே தன் ஜாதகத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார். அது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சமாசாரம்.

நிலையத்தில் அவரோடு மூன்று பேர். பொருத்தம் பார்க்கிற ஜோசியர் திருவேங்கடம். பெண் வீட்டைப் பற்றியும் பையன் வீட்டைப் பற்றியும் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற கமலவேணி. போட்டோ எடுத்து, எல்லோரையும் ஒரே மாதிரி சிவப்பாக்கித் தருகிற ஆரோக்கியராஜ். நாலு பேரும் எதையும் கலந்து பேசாமல் செய்யமாட்டார்கள். கலந்து பேசியதால்தான் ஒவ்வொன்றும் கெட்டது என்பது அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

இப்போதெல்லாம் வரன்கள் போனுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. மாடிப்படி ஏறி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஏகாம்பரத்தின் அக்கா மகள் சுடர்விழி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். அவள் பொங்கலுக்கு வந்தபோது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் என்று நாலு இடத்தில் நிலையத்தின் பேரில் கணக்குத் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். நாலு கணக்கும் திறந்தது திறந்தபடியே கிடந்தன. எதில் எதைப் போடுவது என்று நாலு பேரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஒரு நாள் சுடர்விழி போன் பண்ணினாள்.

"மாமா, நாலையும் தனித்தனியா மேய்க்க உங்களால முடியாது. நாலையும் ஒரே இடத்துல இருந்து பாத்துக்கிற ஆப் இருக்கு. டவுன்லோடுகூட வேண்டாம், பிரௌசர்லயே திறக்கும். மூணு பேர் அனுப்பறேன். சோஷிலாரா, க்யூமினா, போஸ்ட்டெல்லா. மூணையும் ஒப்பிட்டுப் பாத்து, நமக்கு எது ஒத்து வருமோ அதை எடுங்க."

"அது என்னம்மா பண்ணும்?"

இந்த இடத்தில் சுடர்விழி ஒரு தப்புப் பண்ணினாள். மாமாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று நினைத்தாள்.

"வீட்டுக்கு ஒரு மருமக வந்தா எல்லாத்தையும் இழுத்துப்போட்டுப் பாத்துக்குவால்ல, அந்த மாதிரி மாமா. அவசரப்படாம, நல்லா விசாரிச்சு எடுங்க."

ஏகாம்பரம் போனை வைத்துவிட்டு மூன்று பேரையும் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கம்ப்யூட்டர் சமாசாரம் என்று பயந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் மூன்று மருமகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வேலை. இதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்கிறார்கள்!

"முதல்ல ஜாதகம் வாங்கணும்" என்றார் திருவேங்கடம்.

"பொண்ணு ஜாதகம் சரி, மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டார் ஆரோக்கியராஜ்.

அது நியாயமான கேள்வி. நாலு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். சோஷிலாராவின் முதல் பக்கத்திலேயே பதில் இருந்தது. 'கணக்கின் உரிமையாளர் பெயர்' என்று ஒரு கட்டம்.

"உரிமையாளர்னா நீங்கதானே தம்பி" என்றாள் கமலவேணி.

மூன்று பேரும் ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சுவரில் தொங்கிய போர்டைப் பார்த்தார்கள். திருவேங்கடம் எழுந்து போய் அந்தப் போர்டைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினார். பதினைந்து வருஷம் கழித்து ஏகாம்பரத்தின் ஜாதகம் வெளியே வந்தது. அது வெறும் கம்ப்யூட்டர் வேலைதான் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருந்தாலும் உள்ளே போய் ஒரு தடவை தலை வாரிக்கொண்டு வந்தார்.

கமலவேணி மூன்று கம்பெனிக்கும் உதவிப் பெட்டி வழியாக எழுதிப் போட்டாள். 'பெண் பிறந்த தேதி, நேரம், ஊர் தெரிவிக்கவும். உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்?'

க்யூமினாவிலிருந்து அரை நொடியில் பதில் வந்தது. 'அருமையான கேள்வி! உங்கள் பிரௌசரை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தீர்களா?'

"வாய்த்துடுக்கு" என்றாள் கமலவேணி. க்யூமினாவின் பேரை அடித்துவிட்டார்கள்.

போஸ்ட்டெல்லாவிலிருந்து பதிலே இல்லை. ஆனால் அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'பத்து லட்சம் பேர் எங்களைப் பயன்படுத்துகிறார்கள்' என்று போட்டிருந்தது. ஆரோக்கியராஜ் அதை வாய்விட்டுப் படித்தார். கமலவேணி காதைப் பொத்திக்கொண்டாள். அதற்குக் கீழேயே 'எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்று இருந்தது.

"பெத்தவங்களே இப்படிப் போர்டு வெச்சா அந்தப் பொண்ணு எப்படி நிக்கும்?" என்றார் திருவேங்கடம். அதுவும் அடிபட்டது.

மிச்சம் இருந்தது சோஷிலாரா. அந்த வீட்டிலிருந்து மறுநாள் காலையில் தமிழிலேயே பதில் வந்தது.

'வணக்கம் சார். நான் இந்துமதி, வாடிக்கையாளர் சேவை. இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை, அதனால் ஆபீசில் பெரியவர்களிடம் விசாரித்தேன். எங்கள் செயலியைச் சென்னை பெருங்குடியில், ஒரு ஆவணி மாசம் காலை ஒன்பது பத்துக்குத் தேங்காய் உடைத்து ஆரம்பித்தார்களாம். வருஷமும் தேதியும் கீழே எழுதியிருக்கிறேன். உடன்பிறந்தவர்கள் இல்லை. போன்களுக்கான ஒன்று வருகிற வருஷம் வரும்.'

"என்ன மரியாதை பாத்தியா? சின்ன விஷயத்தையும் மறைக்கல" என்று ஏகாம்பரம் உருகிப்போனார்.

திருவேங்கடம் கட்டம் போட்டார். பத்துக்கு எட்டுப் பொருத்தம். யோனிப் பொருத்தம் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இருந்தாலும் விசாரிக்காமல் கமலவேணி விடுவாளா? பெண்ணைப் பற்றிப் பெண் வீட்டில் கேட்கக்கூடாது, ஆகாதவர்களிடம் கேட்கவேண்டும் என்பது அவள் கொள்கை. க்யூமினாவின் உதவிப் பெட்டியில் சோஷிலாராவைப் பற்றிக் கேட்டாள். 'நாங்களே சிறந்தவர்கள்' என்று அது சொன்னது. தன்னைப் பற்றியே பேசுகிறதே தவிர, சோஷிலாராவைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லத் தெரியவில்லை, ஆகவே பெண் தங்கம் என்று கமலவேணி முடிவுக்கு வந்தாள். பிறகு ஊரார் எழுதியிருந்த கருத்துகளைப் படித்தார்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்ததெல்லாம் சொந்தக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்த ஒருவர், திறக்க ரொம்ப நேரம் ஆகிறது என்று எழுதியிருந்தார்.

"பொம்பளைப் பிள்ளை அலங்காரம் பண்ணிட்டு வர நேரம் ஆகத்தான் செய்யும்" என்றார் ஆரோக்கியராஜ்.

"வாராவாரம் ரிப்போர்ட் தரும்னு போட்டிருக்கே. எங்கெங்க நாம கோட்டை விட்டோம்னு எழுதிக் குடுக்குமாம்" என்று ஏகாம்பரம் கொஞ்சம் தயங்கினார்.

"அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்" என்றார் திருவேங்கடம். அவருக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம்.

பெண் பார்க்கிற படலமும் முறைப்படி நடந்தது. பஜ்ஜி யார் போடுவது என்றுதான் கொஞ்சம் வாக்குவாதம். பெண் வீட்டில்தான் போடவேண்டும், ஆனால் பெண் இங்கே வந்திருக்கிறதே! கடைசியில் கமலவேணியே சோஷிலாரா சார்பில் போட்டாள். நாலு பேரும் பஜ்ஜியைத் தின்றபடி திரையைப் பார்த்தார்கள்.

"பாடத் தெரியுமான்னு கேளுங்க" என்றார் ஆரோக்கியராஜ்.

ஏகாம்பரம் வெட்கத்தில் எதையோ அழுத்தினார். விளம்பர வீடியோ ஓட ஆரம்பித்தது. பின்னணியில் புல்லாங்குழல். நாலு பேரும் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது.

ஆனால் ஒரு சிக்கல். 'இரண்டு வாரம் இலவசமாக வைத்துப் பாருங்கள், பிடித்தால் தொடருங்கள்' என்று சோஷிலாராவும் போட்டிருந்தது.

"தாலி கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வெச்சுப் பாக்கறதா! நாம என்ன அப்படிப்பட்ட குடும்பமா?" என்று கமலவேணி கொதித்தாள்.

ஆகவே நேரே ஒரு வருஷத் திட்டத்துக்கே பணத்தைக் கட்டினார்கள். மனைப்பலகையில் கம்ப்யூட்டரை ஏற்றி, மாலை போட்டு, நல்ல முகூர்த்தத்தில் ஏகாம்பரம் அதன் திரைக்கு மஞ்சள் கயிறு கட்டினார். ஆரோக்கியராஜ் போட்டோ எடுத்தார், இருவரையும் சிவப்பாக்கினார். செருப்புக்கடைக்காரர் மேலே வந்து அட்சதை போட்டுவிட்டு, எதற்கு என்று கேட்காமலே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

உள்ளே நுழைந்ததும் சோஷிலாரா கேட்ட முதல் கேள்வி, 'உங்கள் நான்கு கணக்குகளையும் அணுக அனுமதி தருகிறீர்களா?' என்பதுதான்.

"வந்த அன்னைக்கே சாவிக்கொத்தைக் கேக்குது" என்று கமலவேணி முகம் சுளித்தாள். ஏகாம்பரம் மனைவிக்குப் பரிந்துகொண்டு அனுமதி கொடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது, அதாவது ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வாரம் கழித்து சுடர்விழி கூப்பிட்டாள்.

"மாமா, ஆப் எடுத்துட்டீங்கன்னு சொன்னீங்க. நாலு கணக்குலயும் ஒரு போஸ்ட்கூட இல்லையே?"

"புதுப்பொண்ணும்மா. வந்ததும் வராததுமா வேலை வாங்கினா ஊரு என்ன பேசும்?"

"மாமா, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு போஸ்டாவது போடலைன்னா நாலு கணக்கையும் நானே மூடிடுவேன். அப்புறம் நிலையத்தையும் மூடிட்டு பெங்களூர் வந்து எங்க வீட்டுல இருங்க. அம்மாவும் அதைத்தான் சொல்லுது."

அக்கா வீட்டுத் திண்டாட்டம் ஏகாம்பரத்துக்குத் தெரியும். அங்கே மூன்று வேளையும் கேழ்வரகு. அவர் பயந்துபோய் சோஷிலாராவைத் திறந்தார். 'உங்கள் முதல் பதிவை வெளியிடச் சிறந்த நேரம்: செவ்வாய், மாலை மூன்றரை' என்றது அது.

"செவ்வாய் மூணரை ராகு காலம்!" திருவேங்கடம் பஞ்சாங்கத்தை மேஜையில் அடித்தார். "என்ன வளர்ப்பு இது?"

"பட்டணத்துல வளந்த பொண்ணு. போகப் போகத் தெரிஞ்சுக்கும்" என்றாள் கமலவேணி. அவளுக்கு அதற்குள் சோஷிலாராமேல் பாசம் வந்துவிட்டிருந்தது. செவ்வாய் அப்படியே போயிற்று.

புதன்கிழமை இந்துமதியே போனில் வந்தாள்.

"சார், கணக்கெல்லாம் இணைச்சிட்டீங்க. ஒண்ணும் போடாமலே இருக்கீங்க. எங்க ஆப்ல ஏதாவது குறையா?"

"குறை சொல்ல நாக்கு வருமா அம்மா? தங்கமா இருக்கு. நாங்கதான் வேலை வாங்கல" என்றார் ஏகாம்பரம். புல்லாங்குழலைப் பற்றியும் சொன்னார். இந்துமதி சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. போனை வைக்க இரண்டு பேருக்கும் மனசில்லாமல் பேச்சு நீண்டது.

"சார், எனக்கு முப்பத்தொன்பது வயசு" என்றாள் அவள் கடைசியில். "ஒரு சாப்ட்வேருக்கு இவ்வளவு அக்கறையா ஜாதகம் பாத்தீங்களே, எனக்கு இதுல பாதி அக்கறையோட யாரும் பாத்ததில்லை. என் ஜாதகத்தை அனுப்பவா? நிலையத்துக்கு இல்லை சார். உங்களுக்கு. சம்மதமா இல்லையான்னு வெள்ளிக்கிழமை சொன்னாப் போதும்."

ஏகாம்பரம் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண் தானாக வந்து கேட்கிறாள். உடனே ஜாதகத்தை அனுப்பச் சொன்னார். ஓடிப்போய் மூன்று பேரிடமும் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு.

திருவேங்கடம் கட்டம் போட்டார். பத்துக்குப் பத்து. அதைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"ஜாதகம் பிரமாதம். ஆனா உனக்குத்தான் ஏற்கனவே ஆயிடுச்சே ஏகாம்பரம்."

மாலை காய்ந்துபோன கம்ப்யூட்டரை நாலு பேரும் பார்த்தார்கள்.

"அதுவும் ஒரே வீட்டுப் பொண்ணு" என்றாள் கமலவேணி. "அந்தக் கம்பெனியில சோஷிலாரா முன்னாடி வந்தது. இந்துமதி சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகுதாம், நான் விசாரிச்சேன். அப்ப தங்கச்சி முறை."

"கொழுந்தியா" என்றார் ஆரோக்கியராஜ், சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

"எனக்கு இந்துமதியைப் பிடிச்சிருக்கு" என்றார் ஏகாம்பரம். அவர் அப்படிப் பளிச்சென்று சொல்லி யாரும் கேட்டதில்லை. "என்ன வழின்னு சொல்லுங்க."

சாயங்காலம் வரைக்கும் விவாதம் நடந்தது. மூத்தவள் மனசார ஒப்புக்கொண்டால் தோஷமில்லை, ஒப்புக்கொள்ளாவிட்டால் பாவம் என்று திருவேங்கடம் தீர்ப்புச் சொன்னார். சோஷிலாராவிடம் எப்படிக் கேட்பது? ஏகாம்பரம் திறந்து பார்த்தார். முதல் பக்கத்திலேயே ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. 'என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?' என்று அது கேட்டது.

"பாவம், இத்தனை நாளா கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு. நாமதான் பேசல" என்று கமலவேணி மூக்கை உறிஞ்சினாள்.

ஏகாம்பரம் ஒரு விரலால் தட்டினார்.

'அன்புள்ள சோஷிலாரா, நீ வந்த நாளாக உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். உன் தங்கை இந்துமதியையும் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. உன்னைத் தள்ளிவைக்க மாட்டேன். இந்த மேஜை எப்போதும் உனக்குத்தான். சம்மதமா? இப்படிக்கு, உன் ஏகாம்பரம்.'

'படத்துடன் போட்டால் இன்னும் நல்லது' என்றது சோஷிலாரா. ஆரோக்கியராஜ் கல்யாணப் போட்டோவைச் சேர்த்தார். 'எப்போது?' என்றது அடுத்தபடி. வெள்ளி காலை ஒன்பதே கால், நல்ல நேரம் என்று திருவேங்கடம் குறித்துக் கொடுத்தார். 'எங்கெங்கே?' என்று கேட்டது. நாலு கட்டம். மனைவியிடம் ஒளிவுமறைவு எதற்கு என்று ஏகாம்பரம் நாலிலும் டிக் அடித்தார்.

வெள்ளிக்கிழமை நாலு பேரும் குளித்துவிட்டு வந்து திரை முன்னால் கைகட்டி நின்றார்கள். ஒன்பதே காலுக்கு அது பேசியது. 'வெற்றிகரமாக வெளியிடப்பட்டது!' கூடவே காகிதத் துண்டுகள் பறக்கிற மாதிரி ஒரு படம்.

"பூ போடுறா!" என்று கத்தினாள் கமலவேணி.

சற்று நேரத்தில் இதயங்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம். ஏகாம்பரம் திரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

"சம்மதம்னு ஒரு தடவை சொன்னாப் போதாதா? என்ன பெரிய மனசு!" என்று அவர் அழுதே விட்டார்.

மத்தியானத்துக்குள் தமிழ்நாடே பார்த்துவிட்டது. சுடர்விழி கூப்பிட்டு, "மாமா..." என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சாயங்காலம் மாடிப்படியில் ஜாதகத்தோடு வரிசை நின்றது. சாப்ட்வேருக்கே பெண்டாட்டி மரியாதை கொடுக்கிறவர் நம் பெண்ணை எப்பேர்ப்பட்ட இடத்தில் கொடுப்பார் என்று வந்தவர்கள். எத்தனை பசங்க என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பதிவுக்குக் கீழே குவிந்திருந்த கருத்துகளுக்கு நடுவில் இந்துமதியும் ஒன்று எழுதியிருந்தாள். 'அக்காவுக்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம்.'

தை பிறந்ததும் கல்யாணம் முடிந்துவிடும் என்று நாலு பேரும் மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தபோது, பதிவு போட்ட பிறகான முதல் வாரத்து ரிப்போர்ட் சோஷிலாராவிடமிருந்து வந்தது. ஏகாம்பரம் பயபக்தியோடு வாய்விட்டுப் படித்தார்.

'வாழ்த்துகள்! இந்த வாரப் பதிவு உங்களுக்கு மிக நன்றாகப் பொருந்தியது. இதே போன்ற ஒன்றை ஒவ்வொரு வாரமும், இதே நேரத்தில் செய்யுங்கள்.'

மைசூர்பாகு வாயிலேயே நின்றது.

"ஒவ்வொரு வாரமுமா?" என்றார் ஏகாம்பரம். "எனக்கு இந்துமதி ஒருத்தி போதுமே."

"மூத்தவ வாய் திறந்து ஒண்ணு சொல்லியிருக்கா. தட்டினா நல்லா இருக்குமா தம்பி?" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கமலவேணி இந்துமதிக்குப் போன் போட்டு, அந்த ஆபீசில் இன்னும் எத்தனை பேர் கல்யாணமாகாமல் இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

திருவேங்கடம் கையைத் துடைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"அடுத்த வெள்ளி நல்லாவே இருக்கு. அதுக்கு அடுத்த வெள்ளி கரிநாள். அன்னைக்கு மட்டும் லீவு விட்டுக்கலாம், ஏகாம்பரம்."